வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்?

போன மாதம் ரம்யா தொலைபேசியில் அழைத்தாள். நான் வேலை பார்த்த அறக்கட்டளையின் உபகாரச் சம்பளப் பிரிவில் என் இடத்துக்கு வந்தவள். பட்டம் முடித்தவர்களைத் தேர்ந்தெடுத்து, வெளிநாட்டில் மேலே படிக்கவும் அங்குள்ள பள்ளிகளில் சிறிது காலம் கற்பித்துப் பழகவும் அனுப்பிவைக்கிற பிரிவு அது. பழைய கோப்புகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தவள் எதையோ படித்துவிட்டு அழைத்திருக்கிறாள்.

"அக்கா, அப்பல்லாம் கேண்டிடேட் வீட்டுக்கே போய்ப் பாப்பீங்களாமே? பாத்ரூம் வரைக்கும் போவீங்களாம். கேக்கவே கிரீப்பியா இருக்கு லா."

"பாத்ரூம் வரைக்கும் போனது மிஸஸ் சியூ. நான் ஹால்லதான் உக்காந்திருப்பேன்" என்றேன்.

அவள் வெகுநேரம் சிரித்தாள். இப்போது எல்லாமே காணொளி வழியாக நடக்கிறது. விண்ணப்பதாரர் ஒரு மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்தால் போதும்; பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் இன்னும் நல்லது. "நீங்க பார்த்ததெல்லாம் எழுதிக் கொடுங்க அக்கா, எங்க செய்திமடல்ல போடறோம். புதுசா வந்தவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது" என்றாள். சரி என்று ஒத்துக்கொண்டேன். வேடிக்கையான நிகழ்ச்சிகள் சிலவற்றை எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

எழுத உட்கார்ந்த அதே வாரத்தில் என் மகள் நிவேதாவுக்குக் கடைசிச் சுற்று நேர்காணல் வந்தது. அவள் விண்ணப்பித்திருப்பது வேறொரு நிறுவனத்துக்கு. இங்கிலாந்தில் கணக்குக் கற்பித்தலில் மேற்படிப்பு. கல்லூரியின் முதல் ஆண்டிலிருந்தே அதையே பேசிக்கொண்டிருந்தவள். கிளமெண்டியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவள் கேட்டாள்.

"அம்மா, வீட்ல யார் யார் இருக்காங்கன்னு கேட்டா, அப்பாவப் பத்திச் சொல்லணுமா?"

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வலப்பக்கம் சரியாக வராது. நான்கு கால் ஊன்றுகோலோடு கொஞ்சம் நடப்பார். பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும், அதுவும் நாம் காத்திருந்தால். அவருக்காகத்தான் நான் முன்கூட்டியே ஓய்வு பெற்றேன். நிவேதாவின் பயம் எனக்குப் புரிந்தது. இப்படி ஓர் அப்பாவை விட்டுவிட்டு இவள் போய் நிம்மதியாகப் படிப்பாளா, பாதியில் திரும்பிவிட மாட்டாளா என்று தேர்வுக் குழு நினைக்கும். மறைத்தால் நினைக்காது.

அந்தக் கேள்வியை வேலைக்காலம் முழுக்க மற்றவர்களிடம் கேட்டவள் நான். பதில் எனக்கு உடனே வந்திருக்க வேண்டும். வரவில்லை. "சாப்பிடு. அப்புறம் பேசலாம்" என்றேன். எதிரே அவள் அப்பா இடக்கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான் ஏன் தயங்கினேன் என்று சொல்ல வேண்டுமானால், முதலில் மிஸஸ் சியூவைப் பற்றியும் பிறகு தேவிகாவைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

என் பயிற்சிக் காலத்தில் சொல்வதற்கு அதிகம் இல்லை. பட்டம் வாங்கியதும் எழுத்தராகச் சேர்ந்தேன். நிராகரிப்புக் கடிதங்களைத் தட்டச்சு செய்தேன், கோப்புகளுக்கு நாடா கட்டினேன், நேர்காணலுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் வைத்தேன். யாருடைய கை நடுங்குகிறது என்று பார்த்து, அவர்களுக்கு மட்டும் மூடி போட்ட குவளையில் வைக்கக் கற்றுக்கொண்டேன். பிறகு மிஸஸ் சியூ என்னைத் தன்னோடு அழைத்துக்கொண்டார்.

அவர் பிரிவின் தலைவர். குள்ளமான உருவம், வெட்டி விட்ட நரைமுடி, கையில் எப்போதும் ஒரு குடை. அவருக்கென்று சில முறைகள் இருந்தன. முடிவு வெளியாகும் நாளில், தேர்வு பெறாதவர்களைத்தான் முதலில் அழைக்கச் சொல்வார். "கிடைத்தவர்கள் மாலைவரை காத்திருக்கலாம், அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. கிடைக்காதவர்களைக் காத்திருக்க வைப்பது பாவம்" என்பார். (அவர் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில். நான் தமிழில் எழுதுகிறேன்.)

கடைசிச் சுற்றுக்கு வந்தவர்களின் வீட்டுக்குப் போவதும் அவர் கொண்டுவந்த முறைதான். குறித்த நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தாலும் மேலே ஏற மாட்டார். கீழ்த்தளத்தில் குடையை மடித்து வைத்துக்கொண்டு நிற்பார். வீட்டு வாசலில் காலணிகளைக் கழற்றி, வெளிப்பக்கம் பார்த்தபடி ஒழுங்காக வைப்பார். எங்கே உட்காரச் சொல்கிறார்களோ அங்கே உட்காருவார். கொடுத்ததை முழுவதும் குடிப்பார். வீட்டைப் புகழவே மாட்டார். புகழ்ந்தால் மற்ற வீட்டுக்காரர்களுக்கு அநியாயம் செய்ததாகிவிடுமாம். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்?"

கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். அவருடைய அந்த அமைதி பல வீடுகளில் எனக்கே தாங்க முடியாததாக இருந்திருக்கிறது. கடைசியில் கை கழுவ வேண்டும் என்று கேட்டு உள்ளே போவார். போகும் வழியில் அடுப்படியையும் அறைக் கதவுகளையும் பார்த்துவிடுவார்.

"இது துப்பறிகிற மாதிரி இல்லையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நம் அலுவலகத்துக்கு வரும்போது ஒரே ஆளாக வருகிறார்கள்" என்றார் அவர். "விமானம் ஏறும்போது நான்கைந்து பேராக ஏறுகிறார்கள். மற்றவர்களையும் நான் பார்க்க வேண்டாமா?"

பார்ப்பது மதிப்பெண்ணைக் குறைக்க அல்ல. வீட்டில் நோயாளியோ, தனித்து விட முடியாதவரோ இருந்தால், நாங்கள் அதற்கு ஏற்பாடு செய்வோம். இடையில் ஊருக்கு வந்துபோக உதவி உண்டு. நெருக்கடி வந்தால் படிப்பை நிறுத்தி வைத்துவிட்டு, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரே நிபந்தனை, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும்.

தமிழர் வீடுகளுக்கு என்னைத்தான் கூட அழைத்துப் போவார். அங்கே நடப்பதைப் பார்த்து முதலில் அவர் குழம்பினார். அம்மா பட்டுப்புடவை கட்டியிருப்பார். கேசரி, முறுக்கு எல்லாம் தயாராக இருக்கும். விண்ணப்பித்த பெண் தலையில் பூ வைத்துக்கொண்டு தட்டில் காப்பி கொண்டு வருவாள். ஜூரோங்கில் ஒரு வீட்டில், நாங்கள் கிளம்பும்போது அந்தப் பையனின் அப்பா கைகூப்பி, "எங்க பக்கம் முழுச் சம்மதம். உங்க பக்கம் எப்படின்னு சொல்லிட்டீங்கன்னா நல்லாருக்கும்" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மின்தூக்கியில் மிஸஸ் சியூவுக்கு விளக்கினேன். எங்கள் பக்கத்தில் வெளியாள் இரண்டு பேர் நல்ல உடை உடுத்திக்கொண்டு வீடு தேடி வந்து, பிள்ளையைப் பார்த்து, வீட்டில் யார் யார் என்று கேட்டால், அதற்கு ஒரே அர்த்தம்தான்: சம்பந்தம் பேச வந்திருக்கிறார்கள்.

அவரும் சிரித்தார். பிறகு கேட்டார். "அப்படிப் பெண் பார்க்க வரும்போது எதை மறைப்பார்கள்?"

"நோயை. வீட்டில் மனவளர்ச்சி இல்லாதவர்கள் இருந்தால் அவர்களை" என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "அப்படியென்றால் நம்மிடமும் அதைத்தான் மறைப்பார்கள்."

தேவிகா வீட்டுக்கு நாங்கள் போனது அதற்குப் பிறகு வெகுகாலம் கழித்து. புக்கிட் மேராவில் பழைய அடுக்குமாடி புளோக். அப்பா இல்லை. அம்மா ருக்மணி தேக்கா சென்டர் சந்தைக் கட்டடத்தின் மேல்தளத்தில் தையல் கடை வைத்திருந்தார். ரவிக்கை தைப்பது, சேலைக்கு ஓரம் அடிப்பது. தேவிகா அறிவியல் பட்டதாரி. எங்கள் நேர்காணலில் அந்த ஆண்டு அவளை மிஞ்ச ஆளில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அது எப்படியிருக்கலாம் என்று யோசித்துக் காட்டினாள். குழுவில் இருந்தவர்கள் நேரத்தை மறந்து அவளோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

வீடு துடைத்துவிட்டது போல இருந்தது. உளுந்து வடை, இரண்டு வகைச் சட்னி. மிஸஸ் சியூ தன் கேள்வியைக் கேட்டார்.

"நானும் என் மகளும்தான்" என்றார் ருக்மணி. தேவிகா அம்மாவைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு, "ஆமாம், நாங்கள் இரண்டு பேர்" என்று அவளும் ஆங்கிலத்தில் சொன்னாள்.

மிஸஸ் சியூ காத்திருந்தார். ருக்மணி இன்னொரு வடையை அவர் தட்டில் வைத்தார். அவர் அதையும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

கீழே இறங்கும்போது சொன்னார். "அந்த வீட்டில் யாரோ முகச்சவரம் செய்கிறார்கள்."

கீழ்த்தளத்தில் கல் மேசை ஒன்றில் வயதான சீனர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முப்பது வயதுக்காரர், நல்ல பருமன், முடியைப் படிய வாரி பவுடர் பூசியிருந்தார்கள். ரொட்டியில் வைத்த ஐஸ்கிரீமைக் கவனமாகத் தின்றுகொண்டிருந்தார். மிஸஸ் சியூ புன்னகை செய்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"தங்கச்சி பிளேன்ல போறா" என்றார் எங்களிடம். "பெரிய பிளேன்."

சீனப் பெரியவர் பதறி எழுந்தார். அவர் அடுத்த வீட்டு மிஸ்டர் கோ. "மிஸ், முரளி சும்மா பேசுவான் லா. நீங்க எழுதாதீங்க, ஆ" என்றார் ஆங்கிலமும் மலாயும் கலந்து.

மிஸஸ் சியூ எழுதவில்லை. அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிளேன் எவ்வளவு பெரியது என்று கேட்டார். முரளி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டியபோது ஐஸ்கிரீம் மிஸஸ் சியூவின் குடையின் மேல் சொட்டியது. கிளம்பும்போது மிஸ்டர் கோவிடம் தன் முகவரி அட்டையைக் கொடுத்து, "ஏதாவது தேவை என்றால் கூப்பிடுங்கள்" என்றார்.

அலுவலகத்துக்குப் போகும் வழியில் என்னிடம், "நாளை நீ போய் அந்த அம்மாவிடம் பேசு. உங்கள் மொழியில் பேசு. அவராகவே சொன்னால் எல்லா ஏற்பாட்டையும் செய்துவிடலாம்" என்றார்.

தீபாவளிக்கு முந்தைய நாட்கள். தேக்காவின் மேல்தளத்தில் நிற்க இடமில்லை. ருக்மணியின் கடையில் முடிக்க வேண்டிய ரவிக்கைகள் கயிற்றில் வரிசையாகத் தொங்கின. என்னைப் பார்த்ததும் அவர் முக்காலியைத் துடைத்துப் போட்டார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, நேத்து கீழ முரளியப் பார்த்தோம்."

தையல் இயந்திரம் நின்றது. "எந்த முரளி?"

"அக்கா."

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "பேசினானா?"

"தங்கச்சி பிளேன்ல போறான்னு சொன்னாரு. மிஸஸ் சியூ அவரு பக்கத்துல உக்காந்து பேசினாங்க."

"வாயத் திறக்காதடான்னு சொல்லித்தானே ஐஸ்கிரீமுக்குக் காசு கொடுத்து அனுப்புனேன்" என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. கையிலிருந்த துணியால் முகத்தை ஒற்றிக்கொண்டு, அது வாடிக்கையாளரின் துணி என்று நினைவு வந்து கீழே வைத்தார்.

அப்போது ஒரு பெண் கடைக்குள் தலையை நீட்டி, "அக்கா, என் பிளவுஸ் ரெடியா?" என்று கேட்டாள்.

"நாளைக்கு வாம்மா."

"நேத்தும் நாளைக்குன்னுதான் சொன்னீங்க."

"நேத்து சொன்ன நாளைக்கு வேற. இது நிஜமான நாளைக்கு. போ."

அந்தப் பெண் போனதும் ருக்மணி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தேவிக்கு ரெண்டு எடம் வந்துச்சு மேடம். ரெண்டு பேருமே பொண்ணு லட்சணமா இருக்குன்னுதான் சொன்னாங்க. முரளிக்கு ஆளுங்க வந்தா சந்தோஷம். வந்து பக்கத்துல உக்காந்துக்கிட்டான். அதுக்கப்புறம் அவங்க போன் பண்ணவே இல்ல. அன்னிக்கு முடிவு பண்ணேன். இனி யாரு வந்தாலும் அவன் கீழதான்."

"நாங்க பொண்ணு பாக்க வரல அக்கா. சொன்னா உங்களுக்குத்தான் நல்லது. நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஒடம்பு முடியலன்னா, அவ வந்து பார்த்துட்டுத் திரும்பப் போய்ப் படிக்கலாம். சொல்லாம விட்டா அது கெடைக்காது."

அவர் நான் சொன்னதை முழுவதும் கேட்டார். புரிந்துகொள்ளாதவர் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

"நீங்க நல்லவங்க. அந்தச் சீன அம்மாவும் நல்லவங்க, அவன் பக்கத்துல உக்காந்து பேசியிருக்காங்க" என்றார். "அவங்களுக்கு மேல பத்துப் பேரு இருப்பாங்கல்ல. அவங்க முரளியப் பார்த்ததில்லையே. பேப்பர்லதான பாப்பாங்க. பேப்பர்ல அவன் எப்படித் தெரிவான்?"

"தேவிகாகிட்ட நான் பேசிப் பார்க்கட்டுமா?" என்றேன்.

"வேணாம். அவ சொல்லணும்னுதான் ஒத்தக் கால்ல நின்னா. நாந்தான் என் தலையில அவ கைய வச்சுச் சத்தியம் வாங்கியிருக்கேன். அவ போகட்டும் மேடம். முரளிய நான் பார்த்துக்குவேன். நான் நல்லாத்தானே இருக்கேன்."

திரும்பி வந்து நடந்ததைச் சொன்னேன். மிஸஸ் சியூ குடையிலிருந்த ஐஸ்கிரீம் கறையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "நான் கேட்ட கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்காக வேறு பதில் சொல்ல எனக்கு உரிமையில்லை" என்றார். இரண்டு பேர் என்றே அறிக்கையில் எழுதினார். தேவிகா போனாள்.

அடுத்த ஆண்டு நடுவில் மிஸ்டர் கோ மிஸஸ் சியூவை அழைத்தார். ருக்மணிக்கு வயிற்றில் கட்டி. மாதக்கணக்காக மகளிடம் சொல்லாமலே வைத்தியம் பார்த்திருக்கிறார். இப்போது மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். முரளியைத் தன் வீட்டில் வைத்திருந்தாராம் மிஸ்டர் கோ. காலையிலிருந்து காணவில்லை.

நானும் மிஸஸ் சியூவும் வாடகை வண்டியில் தேக்காவுக்குப் போனோம். அங்கேதான் இருப்பார் என்று எப்படியோ எனக்குத் தோன்றியது. மேல்தளத்தில், மூடிக் கிடந்த தையல் கடையின் இரும்புக் கதவுக்கு முன்னால் முரளி தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கடைக்காரர் வாங்கிக் கொடுத்த பரோட்டா பிரிக்கப்படாமல் மடியில் இருந்தது. "அம்மா வந்ததும் சாப்பிடுவேன்" என்றார்.

தேவிகா அடுத்த விமானத்தில் வந்தாள். படிப்பை நிறுத்தி வைத்துப் பிறகு தொடர அனுமதி கேட்டாள். விஷயம் மேலிடக் குழுவுக்குப் போனது. குறிப்பெடுக்க நான் உட்கார்ந்திருந்தேன். அவள் பெரிய மேசையின் ஒரு முனையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். குழுத் தலைவர் கடுமையானவர் அல்லர். மெதுவாகத்தான் கேட்டார்.

"வீட்டில் யார் யார் என்று கேட்டபோது இரண்டு பேர் என்றாய். அது உண்மையா?"

"இல்லை."

"உண்மையில்லை என்று தெரிந்துதான் சொன்னாயா?"

"ஆமாம்."

சத்தியத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா சொல்லச் சொன்னார் என்றுகூடச் சொல்லவில்லை. நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு அவள் சொல்வாள், சொல்வாள் என்று காத்திருந்தேன். குறிப்பெடுப்பவருக்கு அந்த அறையில் வாய் கிடையாது. மிஸஸ் சியூதான் எழுந்தார். "அவள் அண்ணனை நான் பார்த்தேன். அவரோடு உட்கார்ந்து பேசினேன். எனக்குத் தெரிந்தே இருந்தது. மறைத்தது குற்றமென்றால் என் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்" என்றார்.

"உங்களுக்குத் தெரிந்திருந்தது என்பது அவள் சொன்னதாக ஆகாது" என்றார் தலைவர். அதையும் மரியாதையாகத்தான் சொன்னார்.

நேர்மையின்மை என்ற காரணத்தால் உபகாரச் சம்பளம் ரத்தாயிற்று. முரளி இருப்பதற்காக அவளை யாரும் குறை சொல்லவில்லை. அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களில் ஒருவர்கூட. முன்பே தெரிந்திருந்தால் எவ்வளவோ செய்திருக்கலாமே என்று இரண்டு மூன்று பேர் உண்மையாகவே வருத்தப்பட்டார்கள்.

தாழ்வாரத்தில் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லியிருந்தா விட்டிருப்பாங்களா மேடம்?"

"விட்டிருப்பாங்கம்மா."

"நிஜமாவா?"

தேக்காவுக்குப் போய் அவள் அம்மாவிடம் பேசியதைச் சொன்னேன். அவளுக்கு அது தெரியும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாள்.

"அம்மா சொல்லவே இல்ல."

பிறகு அவளே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் கேக்க மாட்டேன். நீங்களும் அம்மாகிட்ட இன்னிக்கு நடந்ததைச் சொல்லிராதீங்க மேடம், ப்ளீஸ். லீவுல வந்திருக்கேன், செப்டம்பர்ல திரும்பிப் போகணும்னு சொல்லி வச்சிருக்கேன்."

நான் மருத்துவமனைக்குப் போனபோது ருக்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தீங்களா, சொல்லாம இருந்ததே நல்லதாப் போச்சு. அவ படிப்புக்கு ஒரு தடையும் வரல" என்றார். நான் தலையாட்டினேன். செப்டம்பருக்கு முன்பே அவர் இறந்துபோனார். தேவிகா இப்போது ஒரு துணைப்பாட நிலையத்தில் அறிவியல் சொல்லித் தருகிறாள். முரளி அவளோடுதான் இருக்கிறார்.

மிஸஸ் சியூ அந்த ஆண்டே ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் வந்தவர்கள், வீட்டுக்குப் போவது தனிப்பட்ட வாழ்க்கையில் தலையிடுவது என்று நிறுத்திவிட்டார்கள். ரம்யா சொல்வதும் அதைத்தான். தவறென்று நான் சொல்ல மாட்டேன்.

இவ்வளவும் தெரிந்தவள் நான். தெரிந்தும் நிவேதாவிடம் அன்றே சொல்லவில்லை. ருக்மணி கேட்ட கேள்விதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. காணொளியில் இவர் எப்படித் தெரிவார்? வாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்டிருக்கிற, ஒரு சொல்லுக்கு இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிற மனிதர் அவர்களுக்கு எப்படித் தெரிவார்? மறுநாளும் அவள் கேட்டாள். "யோசிக்கலாம்" என்றேன். மூன்றாம் நாள்தான் அவளை உட்கார வைத்து தேவிகாவின் கதை முழுவதையும் சொன்னேன். "சொல்லிடு. எல்லாத்தையும் சொல்லிடு" என்றேன். "இதச் சொல்ல உனக்கு மூணு நாளா?" என்று கேட்டுவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள். அது அறைக்குள் எங்கள் இருவருக்கிடையில் நடந்த பேச்சு. அவர் ஹாலில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

நேர்காணல் காலையில். நிவேதா ஹாலில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் அடுப்படியில் நின்றேன். தொடங்குவதற்குச் சற்று முன், சித்தி என்ற பெயருள்ள எங்கள் பணிப்பெண் வந்து, "மேடம், சார் கீழே போகணும்னு சொல்றார்" என்றாள். காலையில் அவர் இறங்குவதில்லை. போகட்டும், ஒரு சத்தம் குறையும் என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன்.

என் மகள் நன்றாகப் பேசினாள். அந்தக் கேள்வி வந்ததும் நான் அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டேன். அப்பாவைப் பற்றி எதையும் விடாமல் சொன்னாள். பக்கவாதம், ஊன்றுகோல், பேச்சு, தான் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதெல்லாம். எதிர்முனையில் ஒரு பெண்மணி, "சொன்னதற்கு நன்றி. அப்பா வீட்டில் இருந்தால் ஒரு வணக்கம் சொல்லலாமா?" என்றார். அன்பாகத்தான் கேட்டார். மிஸஸ் சியூ இருந்திருந்தால் அவரும் அதைத்தான் கேட்டிருப்பார்.

நிவேதா எழுந்து ஓடி வந்தாள். "அப்பா எங்கம்மா?"

"கீழ."

அவள் திரும்பிப் போய், அப்பா நடக்கப் போயிருக்கிறார் என்றாள். "ஓ, நடக்கிறாரா" என்றது வேறொரு குரல். அதில் சந்தேகம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் சற்று முன்புதான் அவர் சரியாக நடக்க மாட்டார் என்று அவள் சொல்லியிருந்தாள். பிறகு வழக்கமான நன்றி, வழக்கமான விடைபெறல்.

நான் கீழே போனேன். கீழ்த்தளத்தில் அவர் இல்லை. விளையாட்டுத் திடலில் இல்லை. பேருந்து நிறுத்தத்தில் இருந்தார். அத்தனை தூரம் அவர் நடந்ததே இல்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சித்தி ஒரு தாளால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

"முடி... ஞ்சுதா?" என்றார்.

"முடிஞ்சுது. இங்க ஏன் வந்தீங்க?"

அவர் சொற்களைத் தேடினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தேன்.

"வீட்ல... யாரு... கேட்டா" என்றார். "நான்... வீட்ல இல்ல. பாப்பா... பொய்... சொல்ல வேணாம்."

ஒரு பேருந்து வந்து நின்றது. ஓட்டுநர் எங்களைப் பார்த்தார். சித்தி கையசைத்ததும் கதவை மூடிக்கொண்டு போனார்.

"அவ உங்களப் பத்திச் சொல்லிட்டா" என்றேன். "அவங்க உங்களப் பாக்கணும்னு கேட்டாங்க. வணக்கம் சொல்லணுமாம்."

"என்னையா?"

"உங்களத்தான்."

அவர் சட்டையின் கழுத்தை இடக்கையால் சரி செய்தார். உதடுகள் அசைந்தன. "குட்" என்றார். வெகுநேரம் கழித்து, "மார்... னிங்" என்றார். இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். இரண்டாவது தடவை கொஞ்சம் தெளிவாக வந்தது.

"திரும்ப... கூப்பிடுவாங்களா?"

அத்தனை ஆண்டுகள் அந்தப் பிரிவில் இருந்தவள் நான். கடைசிச் சுற்று முடிந்த பிறகு எந்தக் குழுவும் யாரையும் மறுபடி அழைப்பதில்லை.

"கூப்பிடுவாங்க" என்றேன்.